ஊருக்குள் ஹெச்.ஐ.வி. முகாம் நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு கிராமத்தில், கோயில் திடலில் பந்தல் போட்டு ஹெச்.ஐ.வி. பரிசோதனை முகாம் நடத்தினோம். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் அரை மணி நேரத்துக்குள் முடிவு தெரிந்துவிடும். வந்தவர்களை ஒவ்வொருவராக "சரி, நீங்க போகலாம்" என்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு கர்ப்பிணியிடம் மட்டும் "நீங்க கொஞ்சம் இருங்கம்மா" என்றார்கள். அதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. மறுநாளே அந்தப் பெண் ஊரைவிட்டுப் போய்விட்டார். அந்த முகாமில் பெயர் எழுதும் வேலை என்னுடையது. அவரைத் தேடிப்பிடிக்க எங்களால் முடியவே இல்லை.

அன்று நடந்தது இரண்டு தவறுகள். முகாமில் ஒரே ஒரு பரிசோதனைக் கிட்டில் பார்ப்பது முதல்கட்டச் சோதனை மட்டும்தான். அதில் கோடு விழுந்துவிட்டதாலேயே ஹெச்.ஐ.வி. என்று சொல்லிவிட முடியாது. நம்பிக்கை மையத்தில், அதாவது அரசின் ஹெச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையத்தில், வேறு வேறு கிட்களில் மறுபடி பார்த்த பிறகுதான் அது உறுதியாகும். உறுதியாகாத ஒன்றை வைத்து ஊரே முடிவுகட்டும்படி விட்டது முதல் தவறு. இரண்டாவது, ஒருவரை மட்டும் தனியாக நிறுத்தியது. முடிவு என்னவாக இருந்தாலும் எல்லோரையும் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டு, ஏறக்குறைய ஒரே அளவு நேரம் பேசி அனுப்ப வேண்டும். கர்ப்பிணிகளுக்கென்றால் பந்தலே வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தசோகை, சர்க்கரை, சிபிலிஸ் பார்க்கிற அதே நாளில் இதையும் பார்த்துவிட்டால் யார் எதற்காக வந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

அடுத்தது பயமுறுத்தல். இந்தியாவில் முதன்முதலாக ஹெச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில்தான். கைவசம் சிகிச்சை இல்லாத அந்தக் காலத்தில் 'ஆட்கொல்லி', 'உயிர்க்கொல்லி' என்று எழுதினார்கள்; சுவர்களில் மண்டை ஓடு வரைந்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் வந்த 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். தமிழ்நாடு முழுக்க அந்த நோயைப் பற்றிப் பேச வைத்தது அது. கூடவே, 'தப்பு பண்ணினவனுக்குத்தான் வரும்' என்ற எண்ணமும் மனதில் படிந்தது. அந்த எண்ணத்தோடு வளர்ந்த ஒரு பெண்ணிடம் போய், 'வாம்மா, பரிசோதனை செய்துகொள்' என்றால் எப்படி வருவார்?

2004-லிருந்து ஹெச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சிகிச்சை (ஏ.ஆர்.டி.) அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் அது பரவுவதில்லை. எதுவும் செய்யாமல் விட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். சிகிச்சை எடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மேடை கிடைத்தால் முதலில் இதைச் சொல்லுங்கள். எப்படியெல்லாம் பரவும் என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

முடிவை வீட்டாரிடம் சொல்லிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. கூட வந்த மாமியாரிடம் ஃபைலைக் கொடுப்பது, அட்டையில் சிவப்பு மையில் எழுதுவது, வார்டில் தனிக் கட்டில் போடுவது எல்லாமே சொல்லிவிட்டதற்குச் சமம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் பரிசோதிக்கவும் கூடாது, முடிவை வெளியே விடவும் கூடாது. கணவரிடம் எப்படிச் சொல்வது என்பதை அந்தப் பெண்ணும் ஆலோசகரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். நாம் முந்திக்கொண்டால் அடி வாங்குவதும் வீட்டைவிட்டுத் துரத்தப்படுவதும் அவர்தான்.

மனைவியை மட்டும் பரிசோதித்துவிட்டுக் கணவரை விட்டுவிடுகிறோம். மூன்றாம் மாதத்தில் 'இல்லை' என்று வந்த முடிவு பிரசவம் வரைக்கும் செல்லும் என்றும் நம்பிவிடுகிறோம். கிருமி புகுந்த முதல் மூன்று மாதம் வரைகூடச் சோதனையில் அது தெரியாமல் போகலாம். தொற்றுக்கு வாய்ப்பு இருக்கிறது என்றால் மறுபடி பார்க்கத்தான் வேண்டும்.

இனி மருத்துவச்சிகள். இன்று தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 99-க்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கிறது. அதனால் பயிற்சி என்றால் நர்ஸம்மாக்களை மட்டும் கூப்பிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் மலைக்கிராமங்களில், வண்டி வந்து சேர்வதற்குள் வலி கண்டுவிட்டால், கூப்பிடுவது பேறுகாலம் பார்த்துப் பழகிய பாட்டியைத்தான். 'உனக்கு ஒன்றும் தெரியாது' என்று அவரை ஒதுக்கினால், அவர் பார்க்கிற பிரசவம் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர நின்றுவிடாது. அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். பனிக்குடத்தை அவசரப்பட்டு உடைக்க வேண்டாம், புது பிளேடு, கையுறை, குழந்தையின் வாயில் நம் வாயை வைத்து உறிஞ்ச வேண்டாம், அதிகாலையே ஆனாலும் 108-ஐக் கூப்பிடு: இவ்வளவும் அவருக்கு ஒரு நாளில் புரியும்.

கையுறையை 'அந்த மாதிரி கேஸ்' என்றால் மட்டும் மாட்டுகிற பழக்கம் படித்தவர்களிடமும் இருக்கிறது. யாருக்கு இருக்கிறது என்பது முகத்தில் எழுதியிருக்காது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் கையுறை வேண்டும். ரத்தம் பட்ட ஊசி நம் கையில் குத்திவிட்டால் அழுத்திப் பிழியாமல் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். 28 நாள் சாப்பிட வேண்டும். இது பயிற்சியில் வாய்ப்பேச்சாக முடியக்கூடாது. மருந்து எந்த மருத்துவமனையில், யாரிடம் கிடைக்கும் என்பது வரை சொல்லியிருக்க வேண்டும்.

குழந்தை பிறந்த பிறகு வருவது சேனை. சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப்பாலோ, வீட்டுப் பெரியவர் கையால் முதலில் நாக்கில் வைப்பது. வேறு எந்தக் குழந்தைக்கும் அது வேண்டாததுதான். ஹெச்.ஐ.வி. உள்ள தாயின் குழந்தைக்குக் கூடுதல் ஆபத்து. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலோடு வேறு எதையாவது கலந்து கொடுத்தால் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. 'உன் பாலில் கிருமி இருக்கு, கொடுக்காதே' என்று விரட்டுவதும் அதே அளவு தவறு. தாய் மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, குழந்தைக்குக் குறைந்தது 6 வாரம் தடுப்பு மருந்து கொடுத்து, தாய்ப்பாலை மட்டுமே கொடுத்து வளர்க்கலாம். சேனையைப் பற்றித் தாயிடம் பேசிப் பயனில்லை, குழந்தையின் பாட்டியிடம் பேசுங்கள். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. 'எந்தக் குழந்தைக்கும் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான்' என்றால் போதும்.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டுக் கடைசியில் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது நம் வழக்கம். அட்டையும் மாத்திரையும் புகுந்த ஊரில் இருக்கும். பெண் நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பார். குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் முதல் ரத்தச் சோதனை, பிறகு 6, 12, 18-ஆம் மாதங்களில் என்று வரிசையாக இருக்கிறது. எல்லாமே விட்டுப்போகும். ஏழாம் மாதமே 'பிரசவத்துக்கு எந்த ஊருக்கும்மா போறீங்க?' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள கூட்டு மருந்து மையத்தில் பேசி, இரண்டு மாத மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.