கணுக்காலில் படிந்த கருமை: என் அனுபவம்

இடது கணுக்காலின் உட்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்த பழுப்புக் கறையை வெயிலால் வந்த கருமை என்று எண்ணி, ஏறக்குறைய ஓராண்டு நிறம் வெளுக்கும் களிம்புகளையே மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டிருந்தேன். கறை அசையவில்லை, மாறாகத் தோல் வறண்டு, இரவில் தூங்க முடியாத அளவுக்கு அரிப்பெடுத்தது.

இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்த பிறகுதான் காரணம் விளங்கியது. வெரிகோஸ் வெயின் காரணமாக, அதாவது சிரைகளின் வால்வுகள் பழுதடைந்ததால், மேலேற வேண்டிய இரத்தம் காலிலேயே தேங்கி, நுண்குழாய்களிலிருந்து கசிந்த சிவப்பணுக்கள் சிதைந்து, அவற்றின் இரும்புச்சத்து ஹீமோசிடரின் என்னும் பழுப்பு நிறமியாகத் தோலில் படிந்திருந்தது. குழாய் கசிந்துகொண்டிருக்க, சுவருக்கு வெள்ளையடித்த கதைதான் என்னுடையது.

தமனிகளில் இரத்த ஓட்டம் சீராக இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே, மருத்துவர் முழங்கால்வரை அழுத்தக் காலுறை அணியச் சொன்னார். காலையில் வீக்கம் ஏறுமுன், காலுறையைக் குதிகால் பகுதிவரை உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பி, பாதத்தை நுழைத்துவிட்டுச் சிறிது சிறிதாக மேலே ஏற்ற வேண்டும். முதல் வாரம் அதற்கே பத்து நிமிடம் போராடினேன். பின்னர் பழுதான சிரையை லேசர் முறையில் அடைத்தார்கள். அரிப்புக்கு மருத்துவர் தந்த ஸ்டீராய்டு களிம்பைச் சில நாட்கள் மட்டும் பூசினேன். வறட்சிக்கு மணமற்ற மாய்ஸ்சரைசரை இன்றும் விடவில்லை.

அரிப்பும் வீக்கமும் சில வாரங்களில் அடங்கின. கறையோ ஒன்றரை ஆண்டில் வெளிர்பழுப்பாக மங்கியிருக்கிறதே தவிர, முழுதாக மறையவில்லை.