ஆதரவு அறிவிப்பை வாசிக்கும் முறை: அமெரிக்க அதிபர் தேர்தலில் தொழிற்சங்கங்களும் கொள்கை அமைப்புகளும்

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம், இன்ன தொழிற்சங்கம் இன்ன வேட்பாளரை ஆதரிக்கிறது என்ற செய்தி நம் நாளிதழ்களிலும் இரண்டு வரியாக வந்து போகிறது. தமிழ்நாட்டு வாசகர் அதைத் தமக்குப் பழகிய வழியில்தான் புரிந்துகொள்கிறார். இங்கே தொ.மு.ச. என்றால் தி.மு.க., சி.ஐ.டி.யு. என்றால் மார்க்சிஸ்ட் கட்சி, ஐ.என்.டி.யு.சி. என்றால் காங்கிரஸ், தேர்தலில் அந்தச் சங்கம் யார் பக்கம் நிற்கும் என்று கேட்கவே வேண்டியதில்லை. அமெரிக்காவின் பெரிய சங்கங்களோ எந்தக் கட்சிக்கும் கிளைகள் அல்ல. ஜனநாயகக் கட்சியோடு நெடுநாள் உறவு கொண்ட சங்கங்கள்கூட ஒவ்வொரு தேர்தலுக்கும் கூடிப் பேசிப் புதிதாக முடிவெடுக்கின்றன, எடுக்காமலும் விடுகின்றன. அந்த முடிவை உறுப்பினர்களின் வாக்கு என்று எண்ணிக்கொள்வதுதான் இத்தகைய செய்திகளை வாசிப்பதில் நேரும் பெரும்பிழை என்பது என் உறுதியான கருத்து. அறிவிப்பது ஓர் அமைப்பு. அதை யார், எப்படி, எதற்காக முடிவு செய்தார்கள் என்று தேடிப் பார்த்த பிறகே அந்த அறிவிப்புக்கு எடை போட முடியும்.

பேசுவது யார் என்பதை முதலில் பாருங்கள்

தொழிற்சங்கங்கள் ஆதரவு என்ற தலைப்பு பெரும்பாலும் ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ.வைக் குறிக்கும். அது ஒரு சங்கம் அன்று. ஏறத்தாழ 60 சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு. 2024 ஜூலை 21 அன்று ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகியதும், மறுநாளே அது கமலா ஹாரிஸை ஆதரித்தது. ஆனால் ஏறத்தாழ 13 லட்சம் உறுப்பினர்களைக் கொண்ட டீம்ஸ்டர்ஸ் என்னும் சரக்குந்து ஓட்டுநர், கிடங்குத் தொழிலாளர் சங்கம் அந்தக் கூட்டமைப்புக்கு வெளியே இருப்பது. அது 2024 செப்டம்பர் 18 அன்று யாரையும் ஆதரிப்பதில்லை என்று அறிவித்தது. தலைமை அப்படிச் சொன்ன பிறகும் மிச்சிகன், விஸ்கான்சின், நெவாடா முதலிய மாநிலங்களில் அதே சங்கத்தின் வட்டார அமைப்புகள் ஹாரிஸை ஆதரித்தன. ஆகவே ஒரு செய்தியில் சங்கத்தின் பெயரைக் கண்டதும், பேசியது தேசியத் தலைமையா, மாநில அமைப்பா, ஓர் ஊரின் கிளையா என்று பிரித்துப் பாருங்கள். கடும் போட்டி நிலவும் மாநிலத்தின் கிளை எடுக்கும் முடிவு, வாஷிங்டனில் வாசிக்கப்படும் அறிக்கையைவிடத் தேர்தல் களத்தில் அதிகம் பயன்படக்கூடும்.

சங்கங்கள் எல்லாமே ஜனநாயகக் கட்சிப் பக்கம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுவது நல்லது. நாட்டின் மிகப் பெரிய காவலர் அமைப்பான ஃப்ரேட்டர்னல் ஆர்டர் ஆஃப் போலீஸ் 2016, 2020, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் டொனால்ட் டிரம்பை ஆதரித்தது. டீம்ஸ்டர்ஸ் குடியரசுக் கட்சியினரான நிக்சனை 1972இலும், ரீகனை 1980, 1984 தேர்தல்களிலும் ஆதரித்த சங்கம்.

முடிவெடுத்தது எப்படி என்று கேளுங்கள்

இந்தக் கேள்வியில் தங்கி நின்று விசாரிப்பதால் கிடைக்கும் பலன் வேறெதிலும் கிடைக்காது. 2015இல் ஹிலாரி கிளின்டனும் பெர்னி சாண்டர்ஸும் ஜனநாயகக் கட்சிக்குள் மோதியபோது, ஏ.எஃப்.டி. என்னும் ஆசிரியர் சங்கத்தின் செயற்குழு ஜூலை மாதத்திலேயே கிளின்டனை ஆதரிக்க முடிவு செய்தது. உறுப்பினர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தியே முடிவெடுத்ததாகத் தலைமை விளக்கியபோதும், எங்களைக் கேட்காமல் செய்துவிட்டீர்கள் என்று சாண்டர்ஸை விரும்பிய ஆசிரியர்கள் குமுறினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சி.டபிள்யு.ஏ. என்னும் தொலைத்தொடர்புத் தொழிலாளர் சங்கம், பணியிடக் கூட்டங்களும் உறுப்பினர்களின் இணையவழி வாக்கெடுப்பும் நடத்திய பின் சாண்டர்ஸை ஆதரித்தது. செய்தித்தாளில் இரண்டும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டன. ஒன்று செயற்குழுவின் தீர்மானம், மற்றொன்று வாக்களித்த உறுப்பினர்களின் விருப்பம் என்பதை வாசகர்தான் பிரித்தறிய வேண்டும்.

வாக்கெடுப்பு நடந்தது என்று படித்தவுடன் நிறைவு கொண்டுவிடாமல், வாக்குகளை எப்படி எண்ணினார்கள் என்றும் தேடுங்கள். வொர்க்கிங் ஃபேமிலீஸ் பார்ட்டி என்பது பெயரளவில் கட்சியாக இருந்தாலும், அதிபர் தேர்தலில் பெரும்பாலும் ஒரு கொள்கை அமைப்பைப் போலவே, அதாவது ஒரு கோரிக்கைக்காகக் குரல் கொடுக்கும் அமைப்பைப் போலவே இயங்குவது. 2019 செப்டம்பரில் அது, ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்றவர்களில் எலிசபெத் வாரனுக்கு 60.91 விழுக்காடு ஆதரவு கிடைத்ததாக அறிவித்தது. அந்தக் கணக்கில் பாதி எடை ஆயிரக்கணக்கான உறுப்பினர்களின் வாக்குக்கும், மறுபாதி சில பத்துப் பேர் கொண்ட தேசியக் குழுவின் வாக்குக்கும் தரப்பட்டிருந்தது. இரண்டையும் தனித்தனியாக வெளியிடுமாறு கேட்டபோது அமைப்பு மறுத்துவிட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே அமைப்பு ஆதரித்த சாண்டர்ஸும் அப்போது போட்டியில் இருந்ததால் அந்த மறுப்பு பெரும் சர்ச்சையானது. கூட்டுத்தொகையை மட்டும் காட்டி, அதன் பகுதிகளை மறைக்கும் அறிவிப்பை ஐயத்தோடு அணுகுவதே முறை.

யாரிடம் கேட்டார்கள் என்பதும் விடையை மாற்றும். டீம்ஸ்டர்ஸ் 2024இல் கிளைக் கூட்டங்களில் நடத்திய மாதிரி வாக்கெடுப்பில் பைடனுக்கு 44.3, டிரம்புக்கு 36.3 விழுக்காடு கிடைத்தன. பைடன் விலகிய பின் மின்னணு முறையில் கேட்டபோது டிரம்புக்கு 59.6, ஹாரிஸுக்கு 34 விழுக்காடு கிடைத்தன. வேட்பாளர் மாறியது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கூட்டத்துக்கு நேரில் வரும் உறுப்பினரும் கைப்பேசியில் பதில் சொல்லும் உறுப்பினரும் ஒரே வகையினர் அல்லர் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தலைமையும் உறுப்பினர்களும் எவ்வளவு தூரம் விலகிப்போக முடியும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1940இல் சி.ஐ.ஓ. கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஜான் எல். லூயிஸ், அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு எதிராகக் குடியரசுக் கட்சி வேட்பாளர் வெண்டல் வில்க்கியை ஆதரித்து வானொலியில் பேசி, ரூஸ்வெல்ட் வென்றால் தம் பதவியைத் துறப்பதாகவும் அறிவித்தார். தொழிலாளர்கள் ரூஸ்வெல்ட்டுக்கே வாக்களித்தார்கள். லூயிஸ் சொன்னபடி விலகினார். 2020 தேர்தலின் எக்ஸிட் போலில், சங்க உறுப்பினர் உள்ள குடும்பங்களில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் பைடனுக்கும் 40 விழுக்காட்டினர் டிரம்புக்கும் வாக்களித்ததாகக் கூறினர். பெரும்பான்மைச் சங்கங்கள் ஒரே பக்கம் நின்ற தேர்தலில் கிடைத்த கணக்கு இது.

பதிலுக்கு என்ன பெற்றார்கள்?

ஆதரவு இலவசமாகத் தரப்படுவதில்லை. தரவும் கூடாது என்றே நான் நினைக்கிறேன். யு.ஏ.டபிள்யு. என்னும் வாகனத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஷான் ஃபெய்ன் 2023 மே மாதத்தில் பைடனுக்கான ஆதரவை நிறுத்திவைத்தார். மின்வாகன ஆலைகளுக்கு அரசுப் பணம் கொட்டப்படுகையில் அங்குள்ள கூலியையும் பாதுகாப்பையும் பற்றி அரசு பேசவில்லை என்பது அவர் குறை. செப்டம்பரில் மூன்று பெரிய கார் நிறுவனங்களிலும் வேலைநிறுத்தம் தொடங்கியது. செப்டம்பர் 26 அன்று பைடன் மிச்சிகனில் மறியல் வரிசைக்கு நேரில் சென்று நின்றார். பதவியிலிருக்கும் அதிபர் ஒருவர் அவ்வாறு நின்றது அதுவே முதல் முறை. ஆதரவு அறிவிப்பு 2024 ஜனவரி 24 அன்றுதான் வந்தது. இந்த எட்டு மாதக் காலவரிசையைத் தெரிந்துகொள்ளாமல் ஜனவரிச் செய்தியை மட்டும் படிப்பவருக்கு, அந்தச் சங்கம் எதை வென்றது என்பது தெரியாமலே போகும்.

வாக்குறுதி தெளிவாக இல்லாதபோது நேர்வதைப் பாட்கோ என்னும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சங்கம் பட்டறிந்தது. 1980இல் அது ரீகனை ஆதரித்தது. நவீன கருவிகளும் போதிய பணியாளர்களும் கிடைக்கச் செய்வதாகவும், ஒத்துழைப்போடு நடந்துகொள்வதாகவும் அவர் சங்கத் தலைவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். 1981 ஆகஸ்ட் 3 அன்று சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கூட்டரசு (மத்திய அரசு) ஊழியர்களின் வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று கூறி, 48 மணி நேரக் கெடு விதித்து, பணிக்குத் திரும்பாத 11,000க்கும் மேற்பட்டோரை ரீகன் வேலையிலிருந்து நீக்கினார். சங்கமே அங்கீகாரம் இழந்தது. எனவே ஆதரவு அறிக்கையைப் படிக்கும்போது, வேட்பாளரைப் பற்றிய புகழுரைகளைத் தள்ளிவிட்டு, எந்தச் சட்டம், எந்த நியமனம், எந்த ஒப்பந்தம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

எப்போது அறிவித்தார்கள்?

கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல்களின்போது வரும் ஆதரவும், நவம்பர் தேர்தலுக்கு முன் வரும் ஆதரவும் வேறு வேறு தன்மையன. முந்தையதில்தான் துணிவு வேண்டும். தோல்வியும் அங்கேதான் அதிகம். 2004இல் அயோவா மாநிலத்தில் நடந்த ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் டீம்ஸ்டர்ஸ், எஃகுத் தொழிலாளர் சங்கம் உள்ளிட்ட பல சங்கங்கள் ரிச்சர்ட் கெப்ஹார்ட்டை ஆதரித்தன. சேவைத்துறை ஊழியர் சங்கமான எஸ்.இ.ஐ.யு.வும், அரசு ஊழியர் சங்கமான ஏ.எஃப்.எஸ்.சி.எம்.இ.யும் ஹோவர்ட் டீனை ஆதரித்தன. தீயணைப்பு வீரர் சங்கம் மட்டும், யாரும் பொருட்படுத்தாத நிலையில் இருந்த ஜான் கெர்ரியோடு நின்றது. கெர்ரி முதலிடம் பெற்றார். டீன் மூன்றாமிடம், கெப்ஹார்ட் நான்காமிடம். நெவாடாவில் விடுதி, சூதாட்டக் கூட ஊழியர்களின் சங்கமான கலினரி யூனியன் 2008இல் ஒபாமாவை ஆதரித்தும், கட்சியினர் ஊர்தோறும் கூடி வாக்களிக்கும் கூட்ட வாக்கெடுப்பில் ஹிலாரி கிளின்டனே முன்னணியில் வந்தார். உறுப்பினர் எண்ணிக்கையை வைத்து வாக்குகளைக் கணக்கிடுபவர்கள் இந்த முடிவுகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பணத்தையும் ஆளையும் தொடர்ந்து பாருங்கள்

அறிவிப்பதோடு நின்றுவிடும் ஆதரவும் உண்டு, வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டும் ஆதரவும் உண்டு. எது எந்த வகை என்பதை அறிய அமைப்பின் சட்டவடிவம் முதல் தடயம். வருமானவரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் பதிவான அறநிறுவனங்கள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது. 501(சி)(4) பிரிவில் வரும் சமூகநல அமைப்புகள், தேர்தல் வேலையையே முதன்மைப் பணியாக்கிக்கொள்ளாத வரை, ஆதரிக்கலாம். சங்கங்கள் 501(சி)(5) பிரிவில் வருகின்றன. சுற்றுச்சூழல் அமைப்பான சியரா கிளப் வேட்பாளரை ஆதரிக்கும், ஆனால் அதே பெயரைத் தாங்கிய சியரா கிளப் அறக்கட்டளை ஆதரிக்க முடியாது.

சங்கச் சந்தாப் பணத்தை அதிபர் வேட்பாளரிடம் நேராகக் கொடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. உறுப்பினர்கள் விரும்பித் தரும் பணத்தில் இயங்கும் பேக் என்னும் தனிக் குழு, ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் வரை தரலாம். பெரிய தொகை போவது வேறு வழியில்: 2010 ஜனவரியில் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், வேட்பாளரோடு கலந்துபேசாமல் தாமாகச் செய்யும் விளம்பரங்களுக்கும் பரப்புரைக்கும் நிறுவனங்களும் சங்கங்களும் வரம்பின்றிச் செலவிடலாம். துப்பாக்கி உரிமை அமைப்பான என்.ஆர்.ஏ. 2016இல் டிரம்புக்காக 3 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. அத்தகைய ஆதரவை வெறும் அறிக்கையோடு ஒன்றாக வைத்து எண்ணுவது தவறு.

இச்செலவுகளைக் கூட்டரசுத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அமைப்பின் பெயரைக் கொடுத்து யாரும் தேடலாம். வேட்பாளரோடு கலந்துபேசாமல் செய்யும் செலவு 10,000 டாலரை எட்டினால் 48 மணி நேரத்துக்குள்ளும், தேர்தலுக்கு முந்தைய இறுதி 20 நாட்களில் 1,000 டாலரை எட்டினாலே 24 மணி நேரத்துக்குள்ளும் தெரிவித்தாக வேண்டும். பெரிய சங்கங்களைப் பொறுத்தவரை, தொழிலாளர் துறையிடம் அவை தாக்கல் செய்யும் எல்.எம்.-2 என்னும் ஆண்டறிக்கையைத் திறந்து, அரசியல் நடவடிக்கைகளுக்கான 16ஆம் அட்டவணைக்குச் செல்லுங்கள். நிதியாண்டு முடிந்த பிறகே அது வருவதால், நடந்துகொண்டிருக்கும் தேர்தலுக்கு அதில் விடை கிடைக்காது. முந்தைய தேர்தலில் அந்தச் சங்கம் சொன்னதும் செய்ததும் ஒத்துப்போனதா என்பதற்குக் கிடைக்கும்.

மௌனமும் ஒரு முடிவு

2024 அக்டோபரில் தீயணைப்பு வீரர் சங்கத்தின் நிர்வாகக் குழு 1.2 விழுக்காடு வித்தியாசத்தில், யாரையும் ஆதரிப்பதில்லை என்று முடிவு செய்தது. 2020இல் பைடனோடு முதலில் நின்ற சங்கங்களில் ஒன்று அது. அதற்கு முந்தைய மாதம், காசா போரை முன்னிட்டு ஜனநாயகக் கட்சி வாக்காளர்களிடையே உருவான அன்கமிட்டட் (யாருக்கும் உறுதியளிக்காதோர்) இயக்கம் ஹாரிஸை ஆதரிக்க இயலாது என்றும், டிரம்பையும் எதிர்க்கிறோம் என்றும் சேர்த்தே அறிவித்தது. உள்ளே பிளவு இருப்பதால் வரும் மௌனம் ஒன்று, கோரிக்கை ஏற்கப்படாததால் வரும் மௌனம் மற்றொன்று. காரணத்தைப் படிக்காமல் இரண்டையும் எதிரணிக்குச் சாதகம் என்று எழுதுவது பொறுப்பான வாசிப்பாகாது.

அமெரிக்காவில் பணிபுரியும் தமிழர்கள் பலர் மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சங்க உறுப்பினர்களாக இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தில் ஆதரவுத் தீர்மானத்துக்கான பிரிவைத் தேடிப் படித்து, வாக்கெடுப்பு உண்டா, எந்த நாளுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும் என்று கிளைச் செயலரிடம் கேட்டுக்கொள்ளலாம். குடியுரிமை பெற்றவர்கள் மட்டுமே அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியும். கிரீன் கார்டு உள்ளவர்கள் பேக் நிதிக்குப் பணம் தரலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் தேர்தல் நிதி தரவும், சங்கத்தின் தேர்தல் செலவு, பேக் நிதி ஆகியவை குறித்த முடிவெடுப்பில் பங்கேற்கவும் கூட்டரசுச் சட்டம் தடை விதிக்கிறது. ஊதியம் பெறாமல் தன்னார்வலராக உதவ மட்டும் அவர்களுக்கு இடமுண்டு. ஆகவே சங்கத்தின் அரசியல் குழுவில் சேருமாறு அழைப்பு வந்தால், ஒப்புக்கொள்வதற்கு முன் தங்கள் விசா நிலையை எழுத்தில் தெரிவித்துவிடுவது அவர்களுக்கும் சங்கத்துக்கும் பாதுகாப்பு.