ஸ்கீம்ல லாம்டாவா மேக்ரோவா? முதல்ல புரொசீஜரா எழுதிப் பாருங்க

ஸ்கீம்ங்கற புரோகிராமிங் மொழியில மேக்ரோ (ஓடுறதுக்கு முன்னாடியே வேற கோடா விரியுற வடிவம்) எழுத உதவுற சின்டாக்ஸ்-ரூல்ஸ் கைக்கு வந்த புதுசுல எதைப் பாத்தாலும் மேக்ரோவா எழுதணும்னு ஒரு வேகம் வரும், எனக்கும் வந்துச்சு, அப்படி எழுதினதுல பாதியை பின்னாடி உக்காந்து புரொசீஜரா (சாதாரண ஃபங்ஷனா) மாத்தினேன். அந்த வேலை உங்களுக்கு வேண்டாம்னுதான் இதை எழுதுறேன். கீழ இருக்கிற கோடுல கீவேர்டையும் தமிழ்லயே போட்டிருக்கேன், நீங்க டைப் பண்றப்ப அதை மட்டும் இங்கிலீஷ்ல மாத்திக்கோங்க.

பிரச்சனை எங்க ஆரம்பிக்குதுன்னா, புரொசீஜருக்குக் குடுக்குற ஆர்கியுமென்ட் எல்லாத்தையும் ஸ்கீம் முதல்லயே கணக்குப் போட்டு முடிச்சிட்டுதான் உள்ள அனுப்பும். அதனால இஃப் மாதிரி ஒண்ணை நீங்களே புரொசீஜரா எழுதி ஃபேக்டோரியலுக்குள்ள போட்டீங்கன்னா அது நிக்கவே நிக்காது, ஏன்னா கண்டிஷன் உண்மையோ பொய்யோ ரெண்டு கிளையும் ஓடும், ரிகர்ஷன் போய்க்கிட்டே இருக்கும்.

இதுக்கு மேக்ரோ தேவையே இல்ல. ஓட வேண்டிய கோடை ஆர்கியுமென்ட் இல்லாத லாம்டாவுக்குள்ள (பேரில்லாத புரொசீஜர்) சுத்திக் குடுங்க, உள்ள தேவைப்படுறப்ப கூப்பிட்டுக்கலாம். இதுக்குப் பேரு தங்க், ஆல்கால் 60ங்கற பழைய புரோகிராமிங் மொழி காலத்துச் சொல்லு, 1961லயே இருக்கு. ஸ்கீமோட ஸ்டாண்டர்டே இப்படித்தான் பழகுது, டைனமிக்-வைண்டுங்கற புரொசீஜருக்கு உள்ள போறப்ப ஒண்ணு, வேலைக்கு ஒண்ணு, வெளிய வர்றப்ப ஒண்ணுன்னு மூணு தங்க் குடுக்குறோம் இல்லையா.

ஒரு வேலையை இத்தனை தடவை செய்யணும்னு வைங்க:

(டிஃபைன் (திரும்ப-செய் எண் வேலை)
  (இஃப் (> எண் 0)
      (பிகின் (வேலை)
              (திரும்ப-செய் (- எண் 1) வேலை))))

கூப்பிடுறது இப்படி:

(திரும்ப-செய் 3 (லாம்டா () (டிஸ்ப்ளே "வணக்கம்")))

இது சாதாரண புரொசீஜர்ங்கறதால மேப்புக்கோ அப்ளைக்கோ அப்படியே தூக்கிக் குடுக்கலாம், வேரியபிள்ல வச்சுக்கலாம், ட்ரேஸ் போட்டா பேரோட தெரியும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது ரெப்ல்ல (டைப் பண்ணின கோடை உடனே ஓட்டிக் காட்டுற இடம்) வேலை பாக்குறப்பதான், புரொசீஜரை மாத்தி எழுதினா கூப்பிடுற இடமெல்லாம் பொதுவா அப்பவே புதுசுக்கு மாறிடும், ஆனா மேக்ரோவை மாத்தினா ஏற்கனவே விரிஞ்சு கம்பைல் ஆன இடத்துல பழசுதான் உக்காந்திருக்கும், அதையெல்லாம் திரும்ப லோட் பண்ணணும், இது தெரியாம எங்க தப்புன்னு தேடித்தேடி ஒரு சாயங்காலமே போயிடும்.

எல்லா இடத்துலயும் லாம்டா எழுதுறது கண்ணை உறுத்துதா, நியாயம்தான். அப்ப மேல மெல்லிசா ஒரு மேக்ரோ போடுங்க:

(டிஃபைன்-சின்டாக்ஸ் திரும்ப
  (சின்டாக்ஸ்-ரூல்ஸ் ()
    ((_ எண் வரி ...)
     (திரும்ப-செய் எண் (லாம்டா () வரி ...)))))

மேக்ரோவோட வேலை லாம்டாவைச் சுத்துறது மட்டும்தான், மூளை எல்லாம் புரொசீஜர்ல இருக்கு. இன்னொரு லாபமும் இருக்கு, எண்ணுங்கற இடத்துல எவ்ளோ பெரிய எக்ஸ்பிரஷன் வந்தாலும் அது ஆர்கியுமென்ட்டா போறதால ஒரு தடவைதான் ஓடும். நேரா மேக்ரோவுலயே (+ அ அ) ன்னு விரிச்சுட்டு அதுக்கு (ரீட்) குடுத்துப் பாருங்க, இன்புட் ரெண்டு தடவை வாசிக்கும். மேக்ரோவோட ஹைஜீன் இருக்கே காப்பாத்தாதான்னா, காப்பாத்தாது, மேக்ரோவுக்குள்ள இருக்கிற பேரும் வெளிய இருக்கிற பேரும் மோதாம அது பாத்துக்கும், அவ்ளோதான். லெட் போட்டு மதிப்பை ஒருதடவை பிடிச்சு வைக்கிறது உங்க பொறுப்பு.

சரி, மேக்ரோ இல்லாம முடியவே முடியாத இடமும் இருக்கு. கூப்பிட்டவங்களோட ரெண்டு வேரியபிளை செட்! (வேரியபிளோட மதிப்பை மாத்துறது) பண்ணி இடம் மாத்தணும்னா புரொசீஜருக்கு மதிப்புதான் போகுமே தவிர வேரியபிள் போகாது. புதுப் பேரைக் கட்டுற லெட் மாதிரி ஒரு வடிவம் வேணும்னாலும், டாப்லெவல்ல டிஃபைன் உருவாக்கணும்னாலும் மேக்ரோதான். இதுல ஒரு இடத்துல நிறைய பேர் மாட்டுவாங்க: லூப் மேக்ரோவுக்குள்ள லூப்பைப் பாதியில விட்டு வெளிய வர நீங்களா ஒரு பிரேக் வச்சா, ஹைஜீன் காரணமா அந்தப் பேரு வெளில எழுதுற கோடுக்குத் தெரியாது. பிரேக்குக்கு என்ன பேருன்னு கூப்பிடுறவங்களே குடுக்குற மாதிரி பேட்டர்ன்ல ஒரு இடம் விட்டுடுங்க, சரியாயிடும்.

எழுதின எக்ஸ்பிரஷனையே பிடிக்கணும்னாலும் மேக்ரோ வேணும். டெஸ்ட் எழுதுறப்ப (சோதி (= (+ 1 1) 3)) தோத்தா, தோத்த வரியை அப்படியே பிரிண்ட் பண்ணணும்னு ஆசைப்படுவோம், லாம்டாவுக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு புரொசீஜரால எட்டிப் பாக்க முடியாது. இங்கயும் அதே வழிதான்:

(டிஃபைன்-சின்டாக்ஸ் சோதி
  (சின்டாக்ஸ்-ரூல்ஸ் ()
    ((_ வரி)
     (சோதி-செய் (கோட் வரி) (லாம்டா () வரி)))))

கோட் (quote) பண்ணின, அதாவது ஓட்டாம எழுதினபடியே பிடிச்ச வரியும் தங்க்கும் சேர்ந்து சோதி-செய்ங்கற சாதாரண புரொசீஜருக்குப் போகுது, ஓட்டுறது, எர்ரர் பிடிக்கிறது, எத்தனை பாஸ்னு எண்ணுறது எல்லாம் அங்க எழுதுங்க.