கல்யாண மண்டபத்தில் வேறு மதத்தாரைத் தங்கவைக்க

போரோ கலவரமோ மூண்டு, மதத்தின் பேரால் ஆட்கள் விரட்டப்படும்போது மதுரைப் பக்கத்தில் சட்டென்று திறந்துவிட ஏற்ற இடம் கல்யாண மண்டபம்தான். அது ஜமாஅத்துடையதாக இருக்கலாம், சமுதாய மண்டபமாகவோ பங்குக் கோவில் கூடமாகவோ இருக்கலாம்.

முதலில் இடக் கணக்கு. 500 பேர் உட்காரும் மண்டபத்தில் 500 பேர் படுக்க முடியாது. தலைக்கு 3.5 சதுர மீட்டர், அதாவது 38 சதுர அடி வேண்டும். 60 பேருக்குச் சுமார் 2,300 சதுர அடி. சமையற்கட்டையும் நடைவழியையும் இதில் சேர்க்காதீர்கள். தண்ணீர் தலைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர்; 60 பேருக்கு 900. ஆகவே 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தினமும் நிரம்ப வேண்டும், சித்திரை வெயிலில் அதுவும் பற்றாது. கழிப்பறை 20 பேருக்கு ஒன்று. மூன்று இருந்தால் இரண்டைப் பெண்களுக்கு விடுங்கள். உள்தாழ்ப்பாளும் போகிற வழியில் விளக்கும் அவசியம்.

சமையல் எல்லாருக்கும் சைவமாக இருப்பதே நல்லது. ஹலால் கேள்வியும் வராது, சைவக்காரர்களும் தயங்க மாட்டார்கள். 60 பேருக்கு ஒரு நாளைக்கு அரிசி 24 கிலோ, பருப்பு மூன்றரை கிலோ, எண்ணெய் ஒன்றே முக்கால் கிலோ. அண்டாவும் கரண்டியும் கறி சமைத்தவையாக இருக்கக் கூடாது. வந்தவர்களில் இரண்டு பேரை அடுப்படியில் சேர்த்துக்கொள்ளுங்கள். தங்கள் ஆள் கிண்டிய சோற்றைச் சந்தேகப்படாமல் சாப்பிடுவார்கள். நோன்பு மாதம் என்றால் விடியுமுன் சஹர் சாப்பாடு தயாராக வேண்டும்.

தொழுகைக்கோ பூசைக்கோ ஒரு மூலையைத் திரை கட்டி ஒதுக்குங்கள். மதுரையிலிருந்து கிப்லா, அதாவது முஸ்லிம்கள் தொழும்போது நோக்கும் மக்காவின் திசை, மேற்கே, சற்று வடக்காகச் சாய்ந்தது. உங்கள் வழிபாட்டை அந்நாட்களில் மைக்கில் போடாதீர்கள். அடைக்கலம் வந்தவரால் எழுந்து போக முடியாது.

மதம் மாற்றும் பேச்சு ஒரு சொல்கூடக் கூடாது. இரண்டாம் உலகப் போரில் அல்பேனிய முஸ்லிம்கள் யூதர்களுக்குத் தங்கள் உடையும் முஸ்லிம் பெயரும் கொடுத்து மறைத்தார்கள். அந்தப் பெயர் உயிரைக் காக்க மட்டுமே. பிரான்சில் கத்தோலிக்கப் பெண்மணி ஒருவர் காப்பாற்றிய பினாலி சகோதரர்கள் என்ற யூதச் சிறுவர்களுக்கோ 1948இல் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். உறவினர் கைக்கு அவர்கள் திரும்பிவர 1953 ஆயிற்று. தனியாக வந்த பிள்ளைகளிடம் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை.

பெரும்பாலும் கோளாறு வருவது பெயர்ப் பட்டியலில்தான். பெல்ஜியத்தில் யூதக் குழந்தைகளை மறைத்தவர்கள் உண்மைப் பெயர், மாற்றுப் பெயர், முகவரி எல்லாவற்றையும் தனித்தனி நோட்டுகளில் எழுதி, எண்ணால் மட்டும் இணைத்தார்கள். ஒரு நோட்டு சிக்கினாலும் பிள்ளை சிக்காது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்: எண்ணும் படுக்குமிடமும் மண்டபத்தில், எண்ணும் பெயரும் வேறொருவர் வீட்டில். சோறு பரிமாறுவதை பேனரோடு படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவதுதான் பெரிய ஆபத்து. எத்தனை பேர், எந்தத் தெரு என்பதைத் தேடி வருகிறவனுக்கு நாமே சொல்லிக்கொடுத்தது போலாகும்.

நகை, பட்டா, பள்ளிச் சான்றிதழ் போன்றவற்றைக் காக்கச் சொல்லித் தந்தால் பட்டியல் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பெட்டியில் பூட்டுங்கள். சாவி அவர்களிடமே இருக்கட்டும்.