அரசு அலுவலகத்தோடு தகராறு: வக்கீல் அமர்த்துவது எப்படி?

எங்கள் அப்பா பெயரில் இருக்க வேண்டிய 40 சென்ட் நிலத்துக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் பெயரில் பட்டா இருந்தது. 1980களில் யுடிஆர் என்று நிலப் பதிவுகளைப் புதுப்பித்தபோது நடந்த குளறுபடி. தமிழ்நாட்டில் இந்தக் கதை ஊருக்கு நாலு வீட்டில் இருக்கும். தாலுகா அலுவலகத்துக்கு இரண்டு வருஷம் நடந்து சலித்தபோது, "ஹைகோர்ட்ல ஒரு ரிட் போட்டுடலாம் தம்பி" என்றார் தெரிந்த வக்கீல் ஒருவர். ரிட் என்றால், அரசு அதிகாரிக்கு உத்தரவு போடச் சொல்லி ஹைகோர்ட்டில் நேராகக் கேட்கும் மனு. போட்டோம். நாலு மாதத்தில் உத்தரவும் வந்தது. தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தோம்.

உத்தரவில் இருந்தது இவ்வளவுதான்: மனுதாரரின் மனுவைத் தாசில்தார் 12 வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும். அவரும் பரிசீலித்தார். யுடிஆர் பிழையைத் திருத்துவது தன் அதிகாரத்தில் இல்லை, மாவட்ட வருவாய் அலுவலரிடம் (டி.ஆர்.ஓ.) போங்கள் என்று எழுதி மனுவை முடித்து வைத்தார். இதைத் தெரிந்துகொள்ள நாங்கள் ஹைகோர்ட் வரை போயிருக்க வேண்டியதில்லை. முதல் தடவை வக்கீல் தேடுகிறவர்களுக்காக, அந்தச் செலவில் கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: கையில் என்ன காகிதம் இருக்கிறது?

வக்கீலைப் பார்க்கும் முன் உங்கள் நிலைமை இந்த மூன்றில் எது என்று பாருங்கள். அலுவலகம் எழுத்தில் மறுத்துவிட்டதா? பதிலே சொல்லாமல் இழுக்கிறதா? அல்லது அவர்களே உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்களா?

மறுப்பாணை இருந்தால் அது கிடைத்த தேதிதான் முக்கியம். தபால் உறையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். மேல்முறையீட்டுக் கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். ஜிஎஸ்டி ஆணை என்றால் மூன்று மாதம். மத்திய அரசு ஊழியரின் பணி விவகாரம் என்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக ஒரு வருடம். நோட்டீஸ் வந்திருந்தால் (ஆக்கிரமிப்பு என்று 1905-ம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-வது பிரிவில் வருவது நம் ஊரில் சகஜம்) கெடு முடிவதற்குள் எழுத்தில் பதில் போய்ச் சேர வேண்டும். நேரில் போய் அழுதது எந்த ஃபைலிலும் ஏறாது.

பதிலே இல்லை என்றால், மனுவைப் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் (பழைய பதிவுத் தபால் 2025-ல் இதோடு இணைக்கப்பட்டுவிட்டது) மறுபடி அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியும் வாங்குங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் மனுமீது எடுத்த நடவடிக்கையையும் கோப்பின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஃபைலில் என்ன குறிப்பு எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் பாதி வழக்கு அங்கேயே புரிந்துவிடும். ஆனால் வருஷக்கணக்கில் மனுமேல் மனு போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். புதிதாக மனு கொடுப்பதால் பழைய விவகாரத்துக்கு உயிர் வந்துவிடாது என்று 2008-ல் ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான்.

படி 2: எந்தக் கதவு?

அரசோடு சண்டை என்றாலே ஹைகோர்ட்தான் என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. 1983-ம் வருடப் பட்டா பாஸ்புக் சட்டப்படி, தாசில்தார் ஆணைமேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. இதையெல்லாம் தாண்டிக் குதித்து ரிட் போட்டால், "மாற்று வழி இருக்கிறதே" என்று நீதிபதி திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். நிலம் யாருக்குச் சொந்தம் என்பதிலேயே சண்டை என்றால் வருவாய்த்துறை அதைத் தீர்க்க முடியாது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அரசின்மேல் சிவில் வழக்குப் போட, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-வது பிரிவில் இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அவசரம் என்றால் மட்டும் கோர்ட் அனுமதியோடு அதற்கு முன்பே போடலாம்.

கரண்ட் பில் தகராறா? மின்வாரியத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார். அங்கே வக்கீலே தேவையில்லை.

ஹைகோர்ட்தான் வழி என்று முடிவானால், சென்னையா மதுரையா என்று பாருங்கள். 2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்த பிறகு திருச்சி, கரூர், தஞ்சாவூர் தொடங்கித் தெற்கே கன்னியாகுமரி வரை மதுரைதான். சேலம், கோவைக்காரர்கள் சென்னைக்குப் போக வேண்டும். வக்கீலையும் அந்த ஊரில்தான் தேட வேண்டும்.

படி 3: ஆளைத் தேடுவது

மச்சினனின் ஜாமீன் வழக்கை நடத்தியவர் நல்ல வக்கீலாக இருக்கலாம். உங்கள் வருவாய்த்துறை வழக்குக்கு அவர் சரிப்படுவார் என்று சொல்ல முடியாது. பார் கவுன்சில் விதிப்படி வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது, அதனால் "நம்பர் ஒன்" என்று கூவுகிறவரிடம் கொஞ்சம் எட்டியே நில்லுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடினால் அவர் என்ன மாதிரி வழக்குகள் நடத்துகிறார் என்று ஓரளவு தெரியும். நான் இதை இரண்டாவது வக்கீலுக்குத்தான் செய்தேன்.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம். பட்டா அம்மா பெயரில் வர வேண்டியது என்றால் அம்மாவே விண்ணப்பிக்கலாம். இது பலருக்குத் தோன்றுவதில்லை.

படி 4: முதல் சந்திப்பு

பத்திரம், சிட்டா, வில்லங்கச் சான்று, கொடுத்த மனுக்கள் எல்லாவற்றின் நகலையும் தேதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரு பக்கத்தில் நடந்ததைத் தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள். ஒரிஜினலைக் கொடுக்க வேண்டாம், காட்டினால் போதும்.

அப்புறம் கேட்க வேண்டியது: "சார், நாம ஜெயிச்சா என் கையில என்ன இருக்கும்?"

"பரிசீலிக்கச் சொல்லி உத்தரவு வாங்கலாம்" என்று பதில் வந்தால், அதற்கு அடுத்து என்ன என்றும் கேளுங்கள். அதிகாரி வேண்டுமென்றே ஃபைலை முடக்கி வைத்திருந்தால் அந்த உத்தரவு உதவும். முடிவெடுக்க அதிகாரமே இல்லாதவரிடம் போனால் எங்கள் கதைதான். எங்கள் முதல் வக்கீல் பொய் சொல்லவில்லை. நாங்கள் இதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு, உள்ளே கொஞ்சம் கொடுக்கணும்" என்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

படி 5: ஃபீஸ்

மொத்தத் தொகை எவ்வளவு, எதெல்லாம் அதில் அடக்கம் என்று முதல் நாளே பேசுங்கள். டைப்பிங், ஜெராக்ஸ், கோர்ட் ஃபீ, குமாஸ்தா செலவு தனியா? ரிட் அப்பீல் போனால் தனி ஃபீஸா? தாக்கல் செய்யும்போது கொஞ்சம், உத்தரவு வந்ததும் மீதி என்று பிரித்துக் கொடுப்பது நல்லது. வங்கி வழியாகக் கொடுங்கள். நிலம் எடுப்பு வழக்குகளில் "நஷ்டஈட்டில் இத்தனை சதவீதம்" என்று பேசுவார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேச பார் கவுன்சில் விதிகள் இடம் கொடுப்பதில்லை.

படி 6: கையெழுத்து

வக்காலத்து என்பது உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு நீங்கள் கொடுக்கும் அதிகாரம். பிரமாணப் பத்திரம் என்பது சத்தியம் செய்து நீங்களே சொல்லும் உங்கள் கதை. அது ஆங்கிலத்தில் இருக்கும், கடைசியில் தமிழில் படித்து விளக்கப்பட்டது என்றும் ஒரு வரி இருக்கும். நிஜமாகவே விளக்கச் சொல்லுங்கள். எங்கள் பத்திரத்தில் சர்வே நம்பரே ஒரு இலக்கம் தப்பாக இருந்தது. வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடவே கூடாது.

படி 7: அதற்குப் பிறகு

வழக்கு எண்ணை வாங்கி நீங்களே இணையத்தில் பார்த்து வாருங்கள். வாய்தாவுக்கு வாய்தா வக்கீலுக்குப் போன் அடிக்க வேண்டியதில்லை. உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகல் வாங்கி, ஒரு கடிதத்தோடு அதிகாரிக்குப் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். கெடு தாண்டியும் அவர் அசையவில்லை என்றால் நீதிமன்ற அவமதிப்பு வழக்கு. அதற்கு ஒரு வருடம்தான் அவகாசம், சும்மா காத்திருந்து அதை விட்டுவிடாதீர்கள்.

வக்கீலை மாற்ற வேண்டி வந்தால் பழையவரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, புதியவருக்கு வக்காலத்து கொடுங்கள். ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. 2000-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எங்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை, கேட்டதும் கட்டைக் கொடுத்துவிட்டார். இப்போது மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒரு வக்கீலம்மாதான் டி.ஆர்.ஓ. முன்னால் எங்கள் மனுவை நடத்துகிறார். போன மாதம் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் நோட்டீஸ் போயிருக்கிறது.