கொழும்பில் நேரடி இசை: எங்கே போகலாம், எப்போது போகலாம்

கொழும்பில் இரண்டு கிழமை தங்கப் போகிறவர்கள் பலரும் முதலில் தேடுவது, தென்னிந்தியப் பின்னணிப் பாடகர் யாராவது அந்த நாட்களில் வருகிறாரா என்பதைத்தான். வந்தால் வரட்டும். அதே பாடகர் அதே பாடல்களோடு ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் வந்துதான் போகிறார். கொழும்புக்கே உரியவை வேறு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது. போய் நின்றால் போதும்.

கோயில் மேளத்திலிருந்தே தொடங்குகிறேன். செட்டியார் தெரு, கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை எங்கும் கோயில்கள் நெருக்கமாக இருக்கின்றன. நீங்கள் நிற்கும் நாட்களில் எந்தக் கோயிலில் திருவிழா என்று தங்கும் வீட்டாரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். ஆடி மாதத்தில் வருகிறவர்களுக்கு ஆடிவேல் வாய்க்கும். செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல் தேர் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வரும். நவராத்திரியின் ஒன்பது இரவுகளிலும் ஏதாவது ஒரு கோயிலிலோ மண்டபத்திலோ கச்சேரி இருக்கும்.

பகல் பூசைக்குப் போய்விட்டு மேளம் கேட்டுவிட்டோம் என்று திரும்பிவிடாதீர்கள். இரவுத் திருவிழாவில் சுவாமி வெளிவீதிக்கு வந்த பிறகுதான் கச்சேரி சூடு பிடிக்கிறது. சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி முடிந்து, வீதி மூலை ஒன்றில் சுவாமியை நிறுத்தி, நாதஸ்வரக்காரர் ஊதும் நாக்கான சீவாளியை உதட்டில் ஈரப்படுத்திக்கொண்டு ராகத்தை எடுப்பார். அதன் பிறகு தவில்காரர்கள் முறை வைத்து வாசிப்பார்கள். நம்மவர்கள் இதை மேளச்சமா என்பார்கள். தவிலுக்குப் பக்கத்தில் நின்று வலக்கையைப் பாருங்கள். விரல் ஒவ்வொன்றிலும் கடினமான கூடு மாட்டியிருக்கும். அதனால்தான் அந்தத் தாளச் சொற்கள் ஆலங்கட்டி மழை போல வந்து விழுகின்றன. இடக்கையில் கோல். ஒருவர் வாசித்த தாளக் கோர்வையை அடுத்தவர் அப்படியே திருப்பி வாசித்து, அதற்கு மேலே இன்னொரு படி ஏற்றுவார். சுற்றி நிற்கும் கிழவர்கள் தொடையில் தாளம் போட்டபடி கணக்கு எங்கே வந்து விழும் என்று காத்திருப்பார்கள். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி மறைந்தது 1975இல். தவில் பற்றிப் பேச்செடுத்தால் அவர்கள் இன்னும் அவரிடம்தான் போய் நிற்பார்கள். கேட்டுப் பாருங்கள், நல்ல பொழுதாக இருக்கும்.

ஆண்கள் வேட்டி ஒன்று கொண்டுபோவது நல்லது. சட்டையைக் கழற்றச் சொல்லும் கோயில்களும் உண்டு. கைபேசியில் படம் பிடிப்பதை வீதியில் எவரும் தடுப்பதில்லை, ஆனால் அதன் வெளிச்சத்தை வாசிப்பவரின் முகத்தில் அடிக்காதீர்கள்.

அடுத்தது மண்டபங்கள். வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1942இல் தொடங்கிய சங்கம். அதன் சங்கரப்பிள்ளை மண்டபத்தில் இசை நிகழ்ச்சிகளும் நூல் வெளியீடுகளும் மாறி மாறி நடக்கும். இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும் வெள்ளவத்தையில்தான். பம்பலப்பிட்டி லோரன்ஸ் வீதியில் சரஸ்வதி மண்டபம். இங்கெல்லாம் அரங்கேற்றங்களையும் இசையாசிரியர்களின் மாணவர் நிகழ்வுகளையும் பார்க்கலாம். வட இலங்கை சங்கீத சபையின் தேர்வுகளில் படிப்படியாக ஏறி வந்தவர்கள் மேடையில் எப்படிப் பாடுகிறார்கள் என்பதை அங்கேதான் அறியலாம். வெளிநாட்டில் பிள்ளைகளைச் சங்கீத வகுப்புக்கு அனுப்புகிறவர்கள் கட்டாயம் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். தன் வயதுப் பிள்ளை மேடையில் உட்கார்ந்து பாடுவதைப் பார்த்தால் நம் பிள்ளை தானாகவே நிமிர்ந்து உட்காரும். அழைப்பிதழ் இல்லையே என்று தயங்க வேண்டாம். பொது நிகழ்வென்றால் வாசலில் பன்னீர் தெளித்து உள்ளே அனுப்புவார்கள். தனிப்பட்ட அரங்கேற்றம் என்றால் மட்டும் யாராவது தெரிந்தவரோடு போவது மரியாதை. நிகழ்ச்சி அறிவித்தல்களுக்கு வீரகேசரியையும் தினக்குரலையும் புரட்டுங்கள். முகநூலில் வராத நிகழ்வுகள் அங்கே வரும்.

இனிப் பெரிய அரங்குகள். முதலில் ஓர் எச்சரிக்கை. தாமரைத் தடாகம் வேறு, தாமரைக் கோபுரம் வேறு. முதலாவது 2011இல் திறக்கப்பட்ட 1,288 இருக்கைகள் கொண்ட அரங்கு. கொழும்பு 7இல், விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகில் இருக்கிறது. இரண்டாவது பேரை வாவிக் கரையில் வானைத் தொட நிற்கும் கோபுரம். அதன் வளாகத்திலும் திறந்தவெளி இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. முச்சக்கரவண்டிக்காரரிடம் ‘தாமரை’ என்று மட்டும் சொன்னால் எங்கே கொண்டுபோய் விடுவார் என்று சொல்ல முடியாது. அரங்குக்கு ‘நெலும் பொக்குன’ என்று சிங்களப் பெயரையே சொல்லுங்கள். அந்த வீதிக்கு முன்பு கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் பெயர் இருந்தது. கலைக்கென்று அரங்கு கட்டிய இடத்திலா அந்தப் பெயரை எடுக்க வேண்டும் என்று எனக்கு இன்னமும் மனத்தாங்கல்.

பக்கத்திலேயே லயனல் வென்ட் அரங்கு. பியானோக் கலைஞரும் புகைப்படக் கலைஞருமான லயனல் வென்ட் 1944இல் மறைந்தார். அவர் பெயரில் 1953இல் திறந்த அரங்கு இது. 600க்குச் சற்று மேற்பட்ட இருக்கைகள்தாம். மேற்கத்தைய இசையோ சிங்கள இசையோ, ஒலி நெருக்கமாகக் கேட்கும். நான் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். இந்தியத் திரைப்பாடகர்களின் பெருநிகழ்ச்சிகளுக்குச் சுகததாச உள்ளரங்கம் போன்ற இடங்களே பொருந்தும். அங்கே போகத்தான் வேண்டும் என்றால், விலை கூடிய முன்வரிசையைவிட ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்கு அருகான இருக்கையைப் பிடியுங்கள். ஒலியைச் சீராக்குபவர் தன் காதுக்குப் பொருந்தத்தான் சீராக்குவார்.

டிக்கெட்டை இணையத்தில் வாங்கும்போது வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியெண் உங்கள் வெளிநாட்டு இலக்கத்துக்கே போகும். இலங்கை சிம் அட்டையைப் போடுவதற்கு முன்னரே வாங்கிவிடுங்கள், அல்லது பழைய அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

பைலாவைக் கேட்காமல் திரும்பாதீர்கள். போர்த்துக்கேயர் காலத்து வேர் கொண்ட அந்த ஆறெட்டுத் தாளத்தைக் கல்கிசைக் கடற்கரை விடுதிகளிலும் நட்சத்திர விடுதிகளிலும் வார இறுதிகளில் இசைக்குழுக்கள் வாசிக்கின்றன. ஜிப்சீஸ் குழுவின் சுனில் பெரேரா 2021இல் மறைந்துவிட்டாலும் அவர் பாடியவை இல்லாமல் எந்த இரவும் முடிவதில்லை. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய பழைய தமிழ்ப் பொப்பிசையையும் கேட்டுப் பாருங்கள். பல குழுக்களுக்கு அவை தெரியும். அமைதியாகக் கேட்க விரும்பினால் கொள்ளுப்பிட்டிக் காலி வீதியில் உள்ள பெயார்ஃபுட் கடையின் தோட்ட உணவகம் இருக்கிறது. ஞாயிறு மதியத்தில் ஜாஸ் வாசிப்பது அங்கே நெடுநாள் வழக்கம். போகுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

போயா நாளைப் பார்த்து வையுங்கள். முழுநிலா நாளில் மதுபான விற்பனைக்குத் தடை. விடுதி இசையும் அடங்கிவிடும். ஆனால் மே மாத வெசாக்கில் வெள்ளை உடுத்த பிள்ளைகள் தெரு மேடைகளில் பக்திப் பாடல் பாடுவதை இலவசமாகக் கேட்கலாம். பெப்ரவரி அளவில் வரும் கங்காராமய விகாரையின் நவம் பெரஹெரா ஊர்வலத்தில் தவுல் என்ற சிங்கள மேளத்தை வாசிப்பவர்களைக் கவனியுங்கள்: ஒரு பக்கம் கோல், மறு பக்கம் கை. மேளச்சமா கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாக இராது.

ஒக்டோபர், நவம்பரில் மாலை மழை தவறாது. திறந்தவெளி நிகழ்ச்சிக்குக் குடையைவிட மழைச் சட்டை நல்லது. குடை பின்னால் இருப்பவரை மறைக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் செயலியில் வண்டி அழைப்பதால் வாசலில் நின்று பயனில்லை. இரண்டு தெரு தள்ளி நடந்துபோய் அழையுங்கள். காலி வீதியில் ஓடும் 100, 101ஆம் இலக்க பஸ்கள் மாலையில் தாராளமாக வரும், இரவு ஏற ஏறக் குறைந்துவிடும். அவற்றை நம்புவதானால் கடைசிப் பாட்டுக்கு முன்னரே எழுந்துவிடுங்கள்.