ஆன்ட்டிக்கு மணிக்கு எவ்வளவு கொடுப்பது?

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன், ஐசலின் பக்கம் குழந்தை பிறந்த வீட்டில், ஆறு மாதம் இருந்துவிட்டுப் பாட்டி ஊருக்குக் கிளம்பும் நாள் நெருங்கியதும் ஒரு கேள்வி வந்துவிடும். குழந்தையைப் பார்த்துக்கொள்கிற ஆன்ட்டிக்கு என்ன சம்பளம் கொடுக்கிறார்கள்? வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் "மாதம் 2,500 டாலர், காலை 8 முதல் மாலை 6, சமையலும் செய்வாங்க" என்று யாராவது ஐந்து நிமிடத்தில் பதில் போடுவார்கள். அதை அப்படியே பிடித்துக்கொள்ளாமல் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 50. இங்கே 40 மணி தாண்டினால் மிச்சத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும், அதனால் கடைசி 10 மணி நேரத்துக்கு 15 மணி நேரக் கூலி ஆகிறது. ஆக வாரத்துக்கு 55 மணிக்கான காசு. வருடத்துக்கு 52 வாரம், அதை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 238 சொச்சம். 2,500-ஐ அதால் வகுத்தால் மணிக்குப் பத்தரை டாலர் வருகிறது. நியூ ஜெர்சியில் 2025-இல் குறைந்தபட்ச ஊதியமே 15.49 டாலராக இருந்தது. அந்தக் கணக்கில் அதே நேரத்துக்கு மாதம் சுமார் 3,690 டாலர் ஆகிறது. அதுவும் அடிமட்டக் கூலிதான், நியாயமான கூலி என்று நான் சொல்லவில்லை. "ரொக்கமாகத்தானே கொடுக்கிறோம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ரொக்கமாகக் கொடுத்தாலும் சட்டம் அதேதான்.

அதனால் மாதச் சம்பளம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். மணிக்கு இவ்வளவு என்று பேசுங்கள், வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள், வாரா வாரம் கொடுங்கள். உதாரணத்துக்கு மணிக்கு 20 டாலர், வாரம் 45 மணி என்றால், 40-க்கு 800, மிச்சம் 5-க்கு 30 வீதம் 150, மொத்தம் 950. எண்ணை எங்கே வைப்பது என்பதற்கு நான் பார்ப்பது இவைதான்: ஒரு குழந்தையா இரண்டா, கைக்குழந்தையா, கார் ஓட்டிப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டுமா, குழந்தைக்கு முதலுதவியும் சிபிஆரும் (மூச்சோ இதயத்துடிப்போ நின்றால் செய்யும் உயிர்காப்பு முறை) தெரியுமா, இதற்கு முன்னால் எத்தனை வீட்டில் எத்தனை வருடம். இரண்டாவது குழந்தை பிறந்தால் கூலி ஏற வேண்டும், அதை அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். அவருடைய காரை உபயோகித்தால் மைலுக்குத் தனியாக, வருமான வரித்துறை சொல்லும் வீதத்தில் (2025-இல் 70 சென்ட்) கொடுத்துவிட்டால் சண்டையே வராது.

வரியைப் பற்றித்தான் நம் ஆட்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டில், நீங்கள் சொல்லும் நேரத்தில், நீங்கள் சொல்லும் முறையில் வேலை செய்பவர் உங்கள் ஊழியர். அவருக்கு 1099 (சுயமாகத் தொழில் செய்பவருக்கான வரிப் படிவம்) கொடுத்துக் கைகழுவ முடியாது, டபிள்யூ-2 (ஊழியருக்கான சம்பளப் படிவம்) கொடுக்க வேண்டும். வருடத்தில் ஒருவருக்குக் கொடுப்பது ஒரு வரம்பைத் தொட்டாலே (2025-இல் அது 2,800 டாலர்) சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்ற ஓய்வூதிய, முதியோர் மருத்துவ வரிகள் இரண்டும் சேர்த்து உங்கள் பங்கு 7.65 சதவீதம், அவர் பங்கும் அதே 7.65. மேலே சொன்ன 950-க்கு உங்கள் பங்கு சுமார் 73 டாலர். அப்புறம் வேலையின்மைக் காப்பீட்டு வரி. வருடக் கடைசியில் ஷெட்யூல் எச் என்ற படிவத்தை உங்கள் வருமான வரிக் கணக்கோடு சேர்த்துப் போட வேண்டும். இதெல்லாம் தலைவலிதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் குழந்தை பராமரிப்புச் செலவுக்கு வரிச்சலுகை கேட்டால், பார்த்துக்கொள்பவரின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைப் படிவத்தில் எழுதச் சொல்கிறார்கள். மறைத்துக் கொடுத்தால் அந்தச் சலுகையும் போச்சு. வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பதும் உங்கள் பொறுப்பு. மகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்திருக்கும் யாரோ ஒரு அம்மாவை "சும்மா ஆறு மாசம்" என்று வைத்துக்கொண்டால், மாட்டினால் அதிகம் இழப்பது அந்த அம்மாதான்.

இந்த மாநிலத்தில் வீட்டு வேலையாட்களின் உரிமைக்கென்றே ஒரு சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அது அவருக்குப் பழகிய மொழியிலும் இருக்க வேண்டும். அதாவது தமிழிலோ தெலுங்கிலோ குஜராத்தியிலோ எழுதித் தர வேண்டும். எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்ததே இதுதான். அரை மணி சாப்பாட்டு இடைவேளையும் அதில் உண்டு. தனியாகக் கைக்குழந்தையோடு இருப்பவரால் குழந்தையை விட்டு எழுந்து போக முடியாது இல்லையா, அப்படியானால் அந்த அரை மணி நேரத்துக்கும் சம்பளம் உண்டு. வேலையை விட்டு நிறுத்துவதானால் இரண்டு வாரம் முன்னால் சொல்ல வேண்டும், வீட்டோடு தங்கியிருப்பவருக்கு நான்கு வாரம்.

சரி, இவ்வளவு கொடுத்தால் நாம் என்ன எதிர்பார்க்கலாம்? குழந்தையின் வேலை முழுவதையும். பால் பாட்டில் கழுவுவது, குழந்தையின் துணி துவைத்து மடிப்பது, பருப்புசாதம் குழைத்து ஊட்டுவது, தூங்க வைப்பது, வெயில் இருந்தால் பூங்காவுக்கு நடத்திக் கூட்டிப் போவது, எப்போது தூங்கியது எவ்வளவு சாப்பிட்டது என்று இரண்டு வரி எழுதி வைப்பது. குழந்தை கீழே விளையாடும்போது போனில் சீரியல் ஓடக்கூடாது என்று தாராளமாகச் சொல்லலாம். எதிர்பார்க்கக் கூடாதது உங்கள் பாத்திரம், உங்கள் துணி, உங்கள் இரவுச் சமையல். இது ஒரே நாளில் வராது, மெதுவாக நுழையும். எங்கள் வீட்டில் இட்லிக்கு ஊற வைத்த அரிசியில்தான் ஆரம்பித்தது. "ஆன்ட்டி, நேரம் இருந்தா கிரைண்டர்ல போட்டுடறீங்களா" என்று ஒரு நாள் கேட்டேன், அடுத்த வாரம் அது வழக்கமானது, அதற்கடுத்த வாரம் குக்கரும் அவர் தலையில் விழுந்தது. ஒரு மாலை வீட்டுக்குள் நுழையும்போது அவர் ஒரு இடுப்பில் குழந்தையும் மறு கையில் கரண்டியுமாக அடுப்பு முன்னால் நிற்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சமையலும் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லி, அதற்கு மணிக்கு இரண்டோ மூன்றோ கூட்டிப் பேசுங்கள், குழந்தை தூங்கும் நேரத்தில் மட்டும் என்று எழுதுங்கள்.

வளர்ப்பு விஷயத்தில் வெட்கப்படாமல் முதலிலேயே பேசிவிடுங்கள். ஐம்பது அறுபது வயது ஆன்ட்டிகளுக்கு நாலு குழந்தை வளர்த்த அனுபவம் இருக்கும், அது நமக்கு வரம்தான், ஆனால் நாக்கில் தேன் தடவுவதும் அதோடு சேர்ந்து வரும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தைக்கு ஆபத்து. மல்லாக்கப் படுக்க வைப்பது, தொட்டிலில் தலையணையும் போர்வையும் போடாமலிருப்பது, இவற்றை மருத்துவர் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள், அவர் மனமும் நோகாது. வீட்டில் கேமரா இருந்தால் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். ஒளித்து வைத்தது பிறகு தெரிந்தால் அவர் முகத்தில் நீங்கள் விழிக்க முடியாது.

இன்னொன்று, நான் செய்த தப்பு. என் மாமியார் மாமனார் திருச்சியிலிருந்து வந்தபோது "மூணு வாரம் நீங்க வர வேண்டாம் ஆன்ட்டி, நாங்க பார்த்துக்கறோம்" என்று சந்தோஷமாகச் சொன்னேன், ஏதோ விடுமுறை கொடுத்த மாதிரி. அவருக்கு அது மூன்று வாரச் சம்பளம் போனது. இரண்டாவது வாரமே வேறு வீட்டில் சேர்ந்துவிட்டார். சேர்ந்தது சரிதான், வாடகை கட்ட வேண்டாமா? இப்போது ஒப்பந்தத்தில் முதல் வரியே அதுதான்: வாரம் 45 மணி உறுதி, நாங்கள் ஊருக்குப் போனாலும், பனி கொட்டி ஆபீஸ் மூடினாலும், குழந்தை பாட்டியோடு இருந்தாலும் அந்தச் சம்பளம் உண்டு. உடம்பு சரியில்லாத நாளுக்கும் சம்பளம் உண்டு, வேலை செய்யும் 30 மணிக்கு ஒரு மணி வீதம் சேரும் என்பது இந்த மாநிலச் சட்டமே. மாலை 6 என்றால் 6. டர்ன்பைக் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டி 6:40-க்கு வந்தால் அந்த 40 நிமிடத்துக்கும் காசு, அவர் வேண்டாம் என்றாலும் சேர்த்துக் கொடுங்கள்.

ஆளை முடிவு செய்வதற்கு முன் ஒரு முழு நாள் வரச் சொல்லுங்கள், நீங்களும் வீட்டில் இருங்கள். குழந்தை அழும்போது முதலில் குழந்தையைப் பார்க்கிறாரா உங்களைப் பார்க்கிறாரா என்பதைக் கவனியுங்கள். அந்த நாளுக்கான கூலியை, ஒத்துவந்தாலும் வராவிட்டாலும், அவர் செருப்பு மாட்டுவதற்குள் கொடுத்துவிடுங்கள்.